முதல் பத்து கறுப்பு வெள்ளை ரோல்கள்

முதல் ரோலைக் கழுவி முடித்து, கழுவுவதற்காகச் சுற்றிய ரீலிலிருந்து பிலிமை உருவியபோது அதில் உருவங்கள் இருந்தன. அன்றைக்கு அது போதுமாக இருந்தது. 36 படங்கள் கொண்ட, ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான ஈரப் பட்டையைக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டு, அது காயும்வரை நாலைந்து முறை போய்ப் போய்ப் பார்த்தேன். மறுநாள் ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோதுதான் மனம் வாடியது. நிழல் விழுந்த இடமெல்லாம் தார் பூசினது போல இருந்தது. அதைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் உள்ளே விவரம் எதுவும் இல்லை, மணல்தான் இருந்தது.

நோட்டின் முதல் பக்கத்தில் "இந்த பிலிம் சரியில்லை. நிழல் வராது" என்று எழுதினேன். அது ஐஎஸ்ஓ 100 பிலிம் (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்). அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, காரணம் போகப்போகத் தெரியும்.

இரண்டாவது ரோலுக்கு வேறு நிறுவனத்தின் 400 பிலிம் போட்டேன். கிரெயின், அதாவது அந்த மணல் போன்ற புள்ளிகள், இன்னும் பெரிதாக வந்தது, நிழல் மாறவில்லை. மூன்றாவதாக, வீட்டுக்குள் விளக்கொளியில் எடுக்கலாம் என்று இல்ஃபோர்ட் டெல்டா 3200 வாங்கினேன். அதில் முகங்கள் எல்லாம் சாம்பலைத் தூவினது போல வந்தன. மூன்று ரோல், மூன்று பிலிம், 108 படங்கள். எந்த பிலிம் எப்படிப்பட்டது என்று கேட்டால் ஒரு வரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ரோலிலும் பிலிம் மாறியது, வெளிச்சம் மாறியது, இடம் மாறியது, கழுவிய நேரமும் மாறியது. இத்தனையும் சேர்ந்து மாறும்போது எது எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

கறுப்பு வெள்ளைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிலிம் வாங்கலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பத்து ரோல் எடுத்த கதை இது. அதில் பாதி, பிலிமைப் பற்றியதே இல்லை.

ஓரத்தைப் பார்

இருட்டறையில் பல வருடம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். மூன்று ரோல் நெகடிவையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஸ்கேன் செய்த படங்களைக் காட்டப் போனேன், வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார். நெகடிவை மட்டும் வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"படத்தைப் பார்க்காத தம்பி. முதல்ல ஓரத்தைப் பாரு."

பிலிமின் ஓரத்தில், துளைகளுக்குப் பக்கத்தில், பிலிமின் பெயரும் படங்களின் எண்களும் இருக்கும். அவை கேமராவில் பதிகிறவை இல்லை. தயாரிக்கும்போதே தொழிற்சாலையில் அளவான வெளிச்சத்தால் பதித்துவிடுகிறார்கள். உருவத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரில் போட்டால் அவையும் சேர்ந்து கறுக்கும்.

"எண் நல்லா கறுப்பா இருக்கா? அப்ப மருந்து ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. படம் மட்டும் மெலிஞ்சு கிடக்கு. அப்படின்னா உனக்கு வெளிச்சம் பத்தல. எண்ணும் சேர்ந்து மங்கலா இருந்தா மருந்துல கோளாறு. ரோல் முழுக்க எண் மட்டும் இருந்து படமே இல்லன்னா, பிலிம் கேமராவுக்குள்ள நகரவே இல்லன்னு அர்த்தம்."

இந்த நாலு வரியை மூன்று ரோலுக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் ஒவ்வொரு ரோலையும் உருவியவுடன் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறேன்.

என்னுடைய மூன்று ரோல்களிலும் எண்கள் நல்ல கறுப்பு. படங்கள் மெலிவு. மூன்று வெவ்வேறு பிலிமும் ஒரே மாதிரி மெலிந்திருக்கின்றன என்றால் பிலிம் மீது பழி போட முடியாது. நெகடிவில் நிழல் என்பது கண்ணாடி போலத் தெளிந்த பகுதி. அங்கே வெளிச்சம் போதாமல் வெள்ளி உருவாகவில்லை என்றால், பிறகு எந்த மருந்தாலும் ஸ்கேனராலும் அதைக் கொண்டுவர முடியாது. ஸ்கேனில் இழுத்து வெளிச்சமாக்கும்போது, இருக்கிற கொஞ்ச விவரத்தோடு கிரெயினும் சேர்ந்து ஊதிப் பெரிதாகிறது. நான் "கிரெயின் அதிகமான பிலிம்" என்று எழுதி வைத்தது, உண்மையில் வெளிச்சம் பட்டினி போட்ட பிலிம்.

"மீட்டரைச் சோதிச்சியா?" என்றார் அண்ணன். கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டரைத்தான் கேட்டார். இல்லை என்றேன்.

பேட்டரி

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மேகமே இல்லாத உச்சி வெயிலில் நேர் வெளிச்சம் படுகிற பொருளுக்கு, அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்/16 (எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியை பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணால் வகுத்தது. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100, கேமராவில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 1/125. காலங்காலமாகப் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு இது. ஐஎஸ்ஓ டயலை 100இல் வைத்தேன், எஃப்/16 வைத்தேன், வெயில் படுகிற புல்வெளியை நோக்கினேன். முள் 125இல் நிற்க வேண்டும். அது 250க்கும் 500க்கும் நடுவில் போய் நின்றது. ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு அல்லது பாதி). அதாவது, ஒவ்வொரு படத்துக்கும் போய்ச் சேர வேண்டிய வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் போயிருக்கிறது.

காரணம் பேட்டரி. என் கேமரா பழையது. அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் லைட் மீட்டருக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி போடுவார்கள். அது தீரும்வரை கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டில் நிற்கும், அதை நம்பியே மீட்டரை அளவு வைத்திருந்தார்கள். பாதரசம் விஷம் என்பதால் அந்த பேட்டரிகள் பிறகு சந்தையிலிருந்து போய்விட்டன. அதே அளவில் இன்று கிடைப்பது 1.5 வோல்ட் ஆல்கலைன். உள்ளே கச்சிதமாக உட்காரும், முள்ளும் ஆடும். ஆனால் வோல்ட் அதிகமாக இருப்பதால் முள் அதிகமாக ஏறுகிறது. வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று மீட்டர் சொல்ல, நாம் அதை நம்பிக் குறைத்து எடுக்கிறோம். எல்லாக் கேமராவுக்கும் இது பொருந்தாது. சில மீட்டர்களின் சுற்று அமைப்பு வோல்ட் மாற்றத்தைத் தானே சமன் செய்துகொள்ளும். என்னுடையது அந்த வகை இல்லை.

ஐஎஸ்ஓ டயலைக் குறைத்து வைத்து ஈடுகட்டலாமா என்று முதலில் யோசித்தேன். செய்து பார்த்ததில் வெயிலில் சரியாக வந்தது, நிழலில் தப்பியது. பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இல்லை. போதாததற்கு ஆல்கலைன் தீரத்தீர வோல்ட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

காது கேட்கும் கருவியில் போடுகிற 675 என்ற ஜிங்க்-ஏர் பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தரும். பாதரச பேட்டரிக்கு மிக அருகில். அது கொஞ்சம் சிறியது, அறைக்குள் ஆடும். சுற்றிலும் ஒரு ரப்பர் வாஷர் போட்டேன், சரியாக நின்றது. அதற்கு முன் பேட்டரி அறையின் தகட்டில் பச்சையாகப் படிந்திருந்ததை, பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தேன். ஜிங்க்-ஏர் பேட்டரியின் மேலிருக்கும் ஒட்டுத்தாளைப் பிரித்தவுடன் அது காற்றை இழுத்து வேலையைத் தொடங்கும். சில நிமிடம் பொறுத்துப் போட வேண்டும். பிரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில மாதத்தில் தீர்ந்துவிடும். அதனால் பிரித்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மறுபடி புல்வெளி, எஃப்/16, டயல் 100. முள் 125ஐ ஒட்டி நின்றது. அன்றைக்கு வந்த நிம்மதி, நல்ல படம் எடுத்தால்கூட வருமா தெரியாது.

டெல்டா 3200க்கு நான் செய்த அநியாயமும் அப்போதுதான் புரிந்தது. பெட்டியில் 3200 என்று இருந்தாலும், அதன் ஐஎஸ்ஓ 1000 என்று இல்ஃபோர்டே தன் தகவல் தாளில் சொல்கிறது. 3200 என்பது, கூடுதல் நேரம் கழுவி எட்டுகிற வேகம். ஏற்கெனவே நீட்டி இழுத்திருக்கிற அந்த பிலிமிலிருந்து என் மீட்டர் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடுங்கியிருக்கிறது. சாம்பல் தூவினது போல வராமல் வேறெப்படி வரும்?

ஒன்றைப் பிடித்துக்கொள்வது

மீட்டர் சரியானதும், இனி ஐந்து ரோல் ஒரே பிலிம் என்று முடிவு செய்தேன். எந்த பிலிம் என்பது அடுத்தது.

வேகம் 400 என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். 100க்கும் 400க்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஜன்னலோரம் 100 பிலிமில் 1/15 நொடி கேட்கிற இடத்தில் 400 பிலிம் 1/60 கொடுக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது முதலாவதில் படம் ஆடும், இரண்டாவதில் நிற்கும். புதிதாக எடுக்கிறவருக்கு கிரெயினைவிடக் கை நடுக்கம்தான் படத்தைக் கெடுக்கிறது. 400க்கும் ஒரு குறை உண்டு. என் கேமராவின் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/1000. கடும் வெயிலில் 400 பிலிமுக்கு 1/1000 வைத்தால் எஃப்/11க்கு மேல் திறக்க முடியாது. பின்னணியை மங்கலாக்கி ஒரு முகத்தை எடுக்க நினைத்தால் வெயில் விடாது. 100 பிலிம் என்றால் அதே இடத்தில் எஃப்/5.6 வரை திறக்கலாம்.

அடுத்தது கிரெயினின் வகை. பழைய முறை பிலிம்களில் வெள்ளி உப்பின் படிகங்கள் பல வடிவத்தில், கட்டிகட்டியாக இருக்கும். கோடக்கின் ட்ரை-எக்ஸ், இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ், செக் நாட்டின் ஃபோமாபான் எல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பம். தட்டைப் படிகங்களைக் கொண்ட புதிய வகையில் கோடக்கின் டி-மேக்ஸ் 1986இல் வந்தது. இல்ஃபோர்டின் டெல்டாவும் அந்த வழிதான். தட்டையாக இருப்பதால் அதே வேகத்துக்கு கிரெயின் நுணுக்கமாக இருக்கும், படம் கூர்மையாக வரும். ஆனால் கழுவும் நேரமும் சூடும் கொஞ்சம் பிசகினாலும் அந்தப் பிசகை நெகடிவில் காட்டிவிடும். பழைய குடும்பம் மன்னிக்கும். கை பழகாத ஆளுக்கு மன்னிக்கிற பிலிம்தான் வேண்டும் என்பது என் தீர்ப்பு. அந்த நுணுக்கமான கிரெயின் எங்கும் ஓடிப்போய்விடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பி2 சூப்பர் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் 400தான், ஆனால் கலர் பிலிம் கழுவுகிற சி-41 முறையில் கழுவ வேண்டும். கடைசியில் படமாக நிற்பது வெள்ளி இல்லை, சாயம். கலர் பிலிம் கழுவுகிற எந்த இடத்திலும் கொடுக்கலாம். ஸ்கேனர்களில் இருக்கும் அகச்சிவப்புத் தூசி நீக்கும் வசதி இதில் வேலை செய்யும், சாதாரண வெள்ளி பிலிமில் வேலை செய்யாது. வீட்டில் கழுவ நினைக்காதவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். எனக்குக் கழுவுவதுதான் பாதி ஆசை என்பதால் விட்டேன்.

மிஞ்சியது ட்ரை-எக்ஸும் எச்பி5 பிளஸும். ட்ரை-எக்ஸ் 1940இல் தகடு வடிவில் வந்து, 1954இல் 35 மி.மீ. ரோலாக வந்தது. எத்தனையோ பத்திரிகைப் படங்கள் அதில் பதிந்தவை. எச்பி5 பிளஸ் 1989இல் வந்தது. இரண்டில் எது மேல் என்று வாதம் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஒரு புதியவரின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தடையில்லாமல் கிடைத்தது எச்பி5 பிளஸ், அதையே ஐந்து ரோல் வாங்கினேன். கையில் பணம் குறைவு என்றால் அதே ஆலையிலிருந்து சிக்கனமான விலையில் வருகிற கென்ட்மியர் 400 இருக்கிறது. ஃபோமாபான் 400ஐ எடுத்தால், பலர் செய்வது போல 200 அல்லது 250 என்று டயலில் வைத்து எடுங்கள். நிழல் பிழைக்கும்.

நாற்காலி

நான்காவது ரோலின் முதல் ஆறு படங்களைச் சோதனைக்கென்று ஒதுக்கினேன். வெள்ளைச் சுவரோரம் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு கறுப்புத் துணி. சுவரில் பாதி வெயில், பாதி நிழல். கேமரா முக்காலியில். மீட்டர் சொன்னதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து, ஒன்று குறைத்து, சொன்னபடி, ஒன்று கூட்டி, இரண்டு கூட்டி, மூன்று கூட்டி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதி நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பிறகு எது எது என்று குழம்பாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டு குறைத்த படத்தில் துணி வெறும் கறுப்பு ஓட்டை. முதல் மூன்று ரோலில் நான் பார்த்துப் பழகிய அதே கறுப்பு. ஒன்று குறைத்ததில் துணியின் மடிப்பு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. மீட்டர்படி எடுத்ததில் மடிப்புகள் வந்தன. ஒன்று கூட்டியதில் துணியின் நெசவே தெரிந்தது, சுவரும் கெடவில்லை. இரண்டு கூட்டியதில் நெகடிவ் கையில் பார்க்க அடர்த்தியாக இருந்தது, ஸ்கேன் செய்ததில் படம் நன்றாகவே வந்தது. மூன்று கூட்டியபோதுதான் வெயில் பட்ட சுவரின் சொரசொரப்பு தேயத் தொடங்கியது.

ஆக, கூடுதல் பக்கம் இந்த பிலிம் ஏறக்குறைய மூன்று ஸ்டாப் தாங்குகிறது, குறைந்த பக்கம் ஒன்றைத் தாங்கவே முக்குகிறது. சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டு என்பதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆறு படத்தை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகுதான் என் கை அதை நம்பியது. அன்றிலிருந்து டயலை 400இல் வைப்பதில்லை, 320இல் வைக்கிறேன். நிழலும் வெயிலும் கடுமையாக மோதுகிற இடத்தில் 250.

ஒன்று கவனிக்க வேண்டும்: டிஜிட்டலில் பழகினவர்களுக்கு இது தலைகீழ். அங்கே வெளிச்சம் அதிகமானால் வெள்ளை வெடித்துப்போகும், அதனால் குறைத்தே எடுத்துப் பழகியிருப்போம். அந்தப் பழக்கத்தோடு பிலிமுக்கு வந்தால் நிழல் தொலையும்.

கழுவிய கணக்கு

டெவலப்பரையும் ஒன்றோடு நிறுத்தினேன். ஐடி-11 என்ற தூள். ஏறக்குறைய 40 டிகிரி வெந்நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கி, பாட்டில் வாய்வரை நிரப்பி மூடி வைத்தேன். ஒவ்வொரு ரோலுக்கும் அதில் 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி. என்னுடைய பேட்டர்சன் டேங்கில் (வெளிச்சம் புகாமல் பிலிம் கழுவும் குடுவை) ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. போதும். ஒருமுறை பயன்படுத்தியதைக் கொட்டிவிடுகிறேன். மருந்தின் பலம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும்.

எச்பி5 பிளஸுக்கு இந்தக் கலவையில் 20 டிகிரியில் 13 நிமிடம். குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்ததால், ஒரு தொட்டியில் தண்ணீரும் பனிக்கட்டி போட்ட பாட்டிலும் வைத்து மருந்துக் குடுவைகளை அதில் நிறுத்தினேன். 20க்கு இறக்கப் பொறுமை இல்லாத நாளில் 24இல் நிறுத்தி 9 நிமிடம் கழுவினேன். சூடு கூடினால் நேரம் குறையும். 20 டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 23க்கு 3 நிமிடம், 16க்கு 6 நிமிடம் என்பது இல்ஃபோர்ட் தரும் கணக்கு. ஆனால் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போகும்படி விடாதீர்கள். ஊற்றவும் வடிக்கவும் ஆகிற சில நொடிகளே அப்போது பெரிய பங்காகிவிடும், மருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பிடிக்காது. குலுக்கலும் ஒரே மாதிரி: முதல் 10 நொடியில் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்தல், பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதே.

படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஃபிக்ஸருக்கு, ரீலில் ஏற்றும் முன் வெட்டிய பிலிம் துண்டு ஒன்றை முதலில் அதில் போட்டுப் பார்ப்பேன். அது பால் நிறம் போய்த் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப்போல் இருமடங்கு ரோலுக்கு. துண்டு தெளிய நேரம் கூடிக்கொண்டே போனால் ஃபிக்ஸர் களைத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில் கழுவ ஓடும் தண்ணீர் வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுதல், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. இதுவும் இல்ஃபோர்ட் சொன்ன முறைதான். தண்ணீர் நிறைய மிச்சமாகிறது.

ஐந்தாவது ரோலில் ஒரு விபத்து. நான்காவதைக் கழுவிய ரீலைச் சரியாகக் காயவைக்காமல் விட்டிருந்தேன். இருட்டுப் பைக்குள் கையை விட்டு பிலிமை ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. பைக்குள் கை வியர்க்க, ஈரம் கூட, இன்னும் ஒட்டிக்கொண்டது. பிலிமை அப்படியே டேங்குக்குள் போட்டு, வெளிச்சம் புகாதபடி மூடி, கையை வெளியே எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டேன். பிறகு இருட்டிலேயே முழுதும் உருவி, இன்னொரு உலர்ந்த ரீலில் முதலிலிருந்து ஏற்றினேன். நாலு படங்களில் நகத்தால் மடிந்த பிறை வடிவக் கறை விழுந்தது, மற்றவை தப்பின. பிளாஸ்டிக் ரீல் எலும்பு போல் காய்ந்திருக்க வேண்டும். பாழான பிலிம் ஒன்றை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பத்து முறை, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை ஏற்றிப் பழகுங்கள். எந்த பிலிம் வாங்கலாம் என்று யோசிக்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

ஆறாவது ரோல் ஜன்னல் வெளிச்சத்தில் முகங்கள். அம்மாவின் முகச் சுருக்கங்களில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, மென்மையாக வந்திருந்தது. ஏழாவதை 1600 என்று வைத்து இரவில் எடுத்து, ஐடி-11ஐத் தண்ணீர் கலக்காமல் 20 டிகிரியில் 14 நிமிடம் கழுவினேன். புஷ் செய்வது என்பது இதுதான். வெளிச்சமான பகுதிகள் ஏறும், கான்ட்ராஸ்ட், அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்குமான வித்தியாசம், கூடும். நிழல் என்னவோ வராது, வெளிச்சம் படாத இடத்தில் மருந்துக்கு வேலை இல்லையே. ஆனாலும் கிரெயின் நான் பயந்த அளவுக்கு இல்லை. மூன்றாவது ரோலைவிட எவ்வளவோ மேல். அதுவும் 3200 பிலிம் இல்லாமலே.

மஞ்சள் கண்ணாடி

எட்டாவது ரோலுக்கு முன் ஒரு மஞ்சள் ஃபில்டர் வாங்கினேன். என் படங்களில் வானம் எப்போதும் வெள்ளைத் தாள் போல வெறுமையாக இருந்தது. நம் கண்ணைவிட பிலிம் நீலத்தை வெளிச்சமாகப் பார்க்கிறது. நீல வானமும் வெள்ளை மேகமும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. மஞ்சள் கண்ணாடி நீலத்தில் கொஞ்சத்தைத் தடுக்கும், வானம் சற்று இருண்டு மேகம் எழுந்து நிற்கும். ஆரஞ்சு இன்னும் கூடுதல், சிவப்பு போட்டால் பகல் வானம் கறுப்புக்கே போய்விடும். மஞ்சளுக்கு சுமார் ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று கூட்ட வேண்டும். மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்க்கிற கேமராவில் அது பெரும்பாலும் தானே கணக்காகிவிடும். என்னுடையதில் மீட்டரின் கண் லென்ஸுக்கு வெளியே இருப்பதால், கையால் கூட்டினேன்.

ஒரே இடத்தை ஃபில்டர் இல்லாமலும் போட்டும் எடுத்தேன். பிலிமை மாற்றி மாற்றி நான் தேடிய "தோற்றம்" இந்தச் சின்னக் கண்ணாடியில் இருந்தது. ஒன்பதாவது ரோலாக எஃப்பி4 பிளஸ் போட்டபோது இது இன்னும் தெளிவானது. ஐஎஸ்ஓ 125, அதே ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று, 20 டிகிரியில் 11 நிமிடம். அதே நாற்காலி, அதே துணி, அதே நேரத்து வெயில். எச்பி5 படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிரெயின் குறைந்திருப்பது தெரிகிறது, நடுச் சாம்பல் கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கிறது. தனித்தனியாகக் காட்டினால் எது எது என்று சொல்ல எனக்குக் கஷ்டம். ஃபில்டர் போட்டதையும் போடாததையும் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெயிலில் எடுக்க, முகத்துக்குப் பின்னால் மங்கலாக்க, முக்காலி வைத்து எடுக்க எஃப்பி4 என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் எச்பி5.

பத்தாவது ரோல்

ஒரு கடன் பாக்கி இருந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் நான் ஒதுக்கிய அந்த 100 பிலிமில் இன்னொரு ரோல் வாங்கினேன். டயலை 80இல் வைத்தேன். நாற்காலியையும் துணியையும் சுவரோரம் போட்டேன், வெயில் பாதிச் சுவருக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தேன். மீதிப் படங்களை அந்த வாரம் முழுக்க எடுத்தேன்.

கழுவி, உருவி, முதலில் ஓரத்தைப் பார்த்தேன். எண்கள் கறுப்பு. பிறகு படங்கள். எதுவும் மெலிவில்லை. காய்ந்த பிறகு லூப் என்ற சிறு உருப்பெருக்கியை வைத்து நாற்காலிப் படத்தைப் பார்த்தேன். நெகடிவில் வெளிறித் தெரிகிற அந்தத் துணிக்குள், மடிப்பும் மடிப்புக்குள் நெசவும், ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒரு நூல்கூட இருந்தது. எச்பி5இல் அந்த நூல் கிரெயினோடு கலந்துபோயிருந்தது.

நோட்டை எடுத்து முதல் பக்கத்து வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் "மீட்டர். பேட்டரி மாற்றியாயிற்று" என்று தேதியோடு எழுதினேன்.